வாசலுக்கு வெளியே பாரிக்

என் தம்பி பாரிக்கின் விலா எலும்பை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவன் செத்த பிறகு அல்ல. உயிரோடு என் எதிரில் உட்கார்ந்து, வாற்கோதுமைக் கஞ்சிக்கு உப்பு போதவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தபோது பார்த்தேன். இடது அக்குளுக்குக் கீழே தோலும் சதையும் பிய்ந்து போன இடத்தில் எலும்பு வெளியே தெரியும். தினமும் காலையில் திராட்சைக் காடி விட்டுக் கழுவி, எண்ணெய்த் துணி வைத்துக் கட்டுவேன். அவன் பல்லைக் கடித்துக்கொள்வான். நான் திட்டிக்கொண்டே கட்டுவேன். திட்டு அவனுக்கு இல்லை. எங்கள் ஆயருக்கு, மிக்கினுக்கு, சபையில் இருந்த அத்தனை யோக்கியர்களுக்கும்.

பேரரசரின் ஆணை எங்கள் ருசுபார் துறைமுகத்துக்கு வந்தபோது வலை நிறைய மத்தி மீன் விழுகிற பருவம். மீன் ஊறப்போடும் என் உப்புத்தொட்டிகள் நிறைந்து வழிந்தன. ஊரில் உள்ள எல்லாரும் சந்தை மேட்டுக் கோயிலுக்குப் போய், தணலில் ஒரு சிட்டிகை தூபம் போட்டு, பலியிட்ட இறைச்சியில் ஒரு வாய் தின்ன வேண்டும் என்று பறையறைந்தார்கள். மறுத்தால் சிறை, சித்திரவதை, சாவு. கிறிஸ்துவின் ஆட்கள் யார் என்று இப்படித்தான் சலித்து எடுத்தார்கள்.

எங்கள் ஆயர் யாதேர் அன்று மதியமே கிளம்பிவிட்டார். கிளப்பிவிட்டவளே நான்தான். என் மீன் வண்டியில் பாய்க்கு அடியில் அவரைப் படுக்கவைத்து, மேலே இரண்டு கூடை மத்தியைக் கவிழ்த்தேன்.

"நம்கிதே, மூச்சு முட்டுதும்மா."

"மத்தியெல்லாம் வாயத் தொறக்காமத்தான படுத்திருக்கு? நீங்களும் சும்மா கிடங்க ஐயா."

"எனக்காக ஓடலம்மா. ஆயரைப் பிடிச்சிட்டா சபையே போச்சு."

"சரி. இங்க சபையை யாரு பாக்குறது?"

"பாரிக் இருக்கான்ல," என்றது பாய்.

பாரிக் இருந்தான். ஓடாமல் இருந்தான், அவ்வளவுதான் அவன் செய்த தப்பு.

அவன் சபையின் உதவிக்காரன். விதவைகளுக்கு மாவு அளந்து கொடுப்பான், சிறையில் கிடப்பவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவான். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சபை கூடும் எண்ணெய்க் கிடங்கின் வாசலில் நின்று, யார் உள்ளே போகலாம், யார் கூடாது என்று பார்ப்பதும் அவன் வேலை. அந்த நாட்களில் தூபம் போட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தவர்கள் நிறைய. ஒருவரையும் உள்ளே விடவில்லை. எங்கள் சொந்தத் தாய்மாமனையே மறித்தான்.

"தள்ளி நில்லுங்க மாமா. ஆயர் வந்து உங்க தலையில கை வச்சாத்தான் உள்ள வரலாம், ஆண்டவரோட அப்பம் வாங்கலாம்."

"டேய், உன்னைத் தோள்ல தூக்கி வளத்தவன்டா நான்!"

"அதுக்குத்தான் உங்க கூட நானும் அழுதுகிட்டு நிக்கேன். உள்ள விட முடியாது."

அன்று வீட்டுக்கு வந்ததும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். "உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையாடா?" என்று கேட்டேன். அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். மாமா அந்தக் குளிர்காலத்திலேயே, வாசலில் நின்றபடியே, அப்பம் வாங்காமலே செத்தார்.

பிறகு பாரிக்கையும் பிடித்தார்கள். படகுகளுக்குக் கீல் பூசுகிற மிக்கினும் அன்றைக்குத்தான் அகப்பட்டான். இரண்டு பேர் காலுக்கும் ஒரே சங்கிலி. சிறையிலிருந்து சந்தைக்கு அந்தச் சங்கிலியோடுதான் இழுத்து வந்தார்கள். மிக்கின் வழியெல்லாம் பாட்டுப் பாடினான். பாரிக் சங்கிலி இழுபட்டு மிக்கின் விழாதபடி கால் பார்த்து நடந்தான்.

முதல் ஆள் பாரிக். மரக்குதிரை என்று ஒன்று வைத்திருப்பார்கள்; அதன் மேல் படுக்கவைத்துக் கைகால்களைக் கயிற்றால் முறுக்குவார்கள். தோள் மூட்டு கழன்ற சத்தம் கூட்டத்தின் கடைசியில் நின்ற எனக்குக் கேட்டது. அப்புறம் இரும்பு நகம். விலாவில் மேலிருந்து கீழே இழுத்தார்கள். துணி கிழிகிற மாதிரிதான் இருந்தது முதலில். இரத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. பக்கத்தில் நின்ற பழக்காரி அத்திப்பழம் தின்றுகொண்டே பார்த்தாள். அவள் கூடையைத் தட்டிவிட்டேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஊர் அதிகாரி குனிந்து கேட்டார். "உங்க ஆயர் எங்க ஒளிஞ்சிருக்கான்?"

"தெரியாது."

"தூபம் போடுறியா?"

"மாட்டேன்."

அன்றைக்கு அவ்வளவோடு விட்டார்கள். மறுநாள் இரண்டு பேர் ஒரு தோண்டி தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூடியைத் திறந்ததுமே வாசனை சொல்லிவிட்டது. மீன் ஊறிய உப்புநீர். என் தொட்டியிலிருந்து மொண்டு வந்திருந்தார்கள். கிழிந்து கிடந்த விலாவில் அதை ஊற்றினார்கள். என் தம்பி போட்ட கூச்சலில் கோயில் கூரைப் புறாக்கள் மொத்தமும் எழுந்து பறந்தன.

அதிகாரி நிதானமாகச் சொன்னார். "ரெண்டுல ஒண்ணு செய். ஆயர் இருக்கிற இடத்தைச் சொல்லு. இல்ல, தூபம் போடு. எது செஞ்சாலும் உன்னை இறக்கி விட்டுடுறேன்."

மூன்றாம் தோண்டியில் பாரிக் கையை நீட்டினான். கழன்ற கை, தானாக எழும்பவில்லை. "தூபம்" என்றான். ஒரு சேவகன் அவன் விரல்களில் சிட்டிகையை வைத்து, தணலுக்கு மேலே கொண்டுபோய்ப் பிடித்தான். பாரிக் தானே விரலை விரித்தான். கூட்டம் கைதட்டியது. ஆயர் எந்தப் பண்ணையில் இருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை அவருக்கு அத்திப்பழமும் ஆலிவும் கொண்டுபோனவனே அவன்தான்.

அடுத்தது மிக்கின் முறை. ஆனால் அன்று அதிகாரிக்கு வயிற்றுக் கோளாறு. மறுநாள் திருவிழா. அப்புறம் மழை. இப்படியே தள்ளித் தள்ளிப் போய், வடக்கே போரில் பேரரசர் செத்தார் என்று செய்தி வந்து, சிறையைத் திறந்துவிட்டார்கள். மிக்கின் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. கணுக்காலில் சங்கிலி உரசிய தழும்பு மட்டும் இருந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆண்டவர் பேருக்காகச் சங்கிலி கண்டு, மறுதலிக்காமல் வெளியே வந்தவனுக்குக் கை வைத்து அபிஷேகம் செய்யத் தேவையில்லை. அந்தச் சங்கிலியே அவனை மூப்பனாக்கிவிடும். மிக்கினைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து மூப்பர்கள் வரிசையில் உட்காரவைத்தார்கள். பெண்கள் வரிசையில் நின்று அவன் கணுக்காலை முத்தமிட்டார்கள். அவன் செருப்பைக் கழற்றி, காலை முன்னால் நீட்டிக்கொண்டு, அழகாக உட்கார்ந்திருந்தான். விலா கிழிந்த என் தம்பி கோணியைச் சுற்றிக்கொண்டு, தலையில் சாம்பலோடு, தான் காவல் நின்ற அதே வாசலுக்கு வெளியே உட்கார்ந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கிடங்கையே கொளுத்தியிருப்பேன்.

ஆயர் யாதேர் திரும்பி வந்தார். நல்ல வெயில் படாத நிறத்தில் வந்தார். வந்த ஞாயிறே மிக்கின் எழுந்து கேட்டான்.

"எல்லாரும் உள்ள கிடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க ஐயா? உங்க மேல மீன் வாசம் அடிக்குதுன்னு சொல்றாங்களே!"

பாதிச் சபை சிரித்தது. அன்றிலிருந்து சபை இரண்டுபட்டது. ஓடிப்போனவர் ஆயராக இருக்கலாமா என்று ஒரு கூட்டம். ஆயர் இல்லாமல் சபையா என்று இன்னொரு கூட்டம். ஒருநாள் அப்பம் வைக்கும் மேசைக்கு மேலேயே கைகலப்பு. ஒரு மூப்பருக்கு மூக்கு உடைந்தது.

இதற்கு நடுவில் பாரிக்கின் புண் அழுகத் தொடங்கியது. காய்ச்சல் இறங்கவில்லை. மருத்துவன் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். பாரிக்குக்குச் சாவு பயம் இல்லை. அப்பம் வாங்காமல் சாகிற பயம்தான். மாமா செத்த மாதிரி.

மிக்கின் வீட்டுக்கு வந்தான். கூட இரண்டு ஆட்கள்.

"பாரிக், உன்னை நான் மன்னிக்கேன். சங்கிலி கண்டவன் வார்த்தை ஆண்டவர் காதுக்கு நேராப் போகும். இந்த ஞாயிறே அப்பம் தாரேன். ஒண்ணே ஒண்ணு செய்யி. சபை நடுவுல வந்து, 'ஆயர் ஓடிப்போனார், அதனாலதான் நான் விழுந்தேன்'னு சொல்லு."

"அவரு ஓடினதால நான் விழல அண்ணே. வலிச்சுது. விழுந்தேன்."

"அவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னுதானடா தூபம் போட்ட! நான் பக்கத்துல நின்னேன்ல!"

"பக்கத்துல நின்ன உனக்குத் தெரியுதுல்ல? அப்ப என் வாயால எதுக்கு? கிளம்புண்ணே."

நான் மிக்கினின் முதுகுக்குப் பின்னால் கதவை ஓங்கி அடித்துவிட்டு, நேராக ஆயரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் நம்கிதே. அவன் விழுந்தது எனக்காக. அதனாலதான் என்னால அவனைத் தூக்க முடியல. ஓடிப்போனவன் தன் ஆளைத் தானே மன்னிச்சுக்கிட்டான்னு மிக்கின் ஊரெல்லாம் பறையடிப்பான். அறுவடை முடிஞ்சு கார்த்தேஜ்ல ஆயர்கள் எல்லாரும் கூடுறோம். அங்க பேசி முடிவெடுக்கட்டும்."

"அறுவடை வரைக்கும் அவன் இருக்கணுமே ஐயா!"

"ஜெபம் பண்ணுவோம்."

"பண்ணுங்க. உங்களுக்கு அது ஒண்ணுதான் ஓடாமச் செய்ய வருது" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது தப்பென்று இன்றைக்கும் நினைக்கவில்லை.

எங்கள் வழக்கப்படி ஞாயிறு வாங்கும் அப்பத்தில் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவந்து, சின்னப் பெட்டியில் வைத்து, தினமும் வேறு எதுவும் சாப்பிடுமுன் ஒரு துண்டு எடுத்துக்கொள்வோம். அன்று ஒரு துண்டை எடுத்து அவன் வாய்க்கு முன்னால் நீட்டினேன்.

"சாப்பிடுடா. யாரும் பாக்கல."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மாமாவுக்கு மறுத்தேனே அக்கா. அவருக்கு வாசலை அடைச்சிட்டு, நான் வீட்டுக்குள்ள உக்காந்து திருட்டுத்தனமாத் தின்னணுமா? ஆயர் சொல்லட்டும். அவர் வாயால சொல்லட்டும்."

"அவரு சொல்ல மாட்டாருடா, பயந்தாங்கொள்ளி!"

"அப்ப வேண்டாம்."

கழுதைப் பிடிவாதம் அவனுக்கு. அந்தத் துண்டை அழுதுகொண்டே நானே தின்றேன்.

அந்தக் கோடையில் துறைமுகத்தில் கொள்ளைநோய் இறங்கியது. தெருவுக்குத் தெரு பிணம். தேவர்களுக்குப் பலி கொடுக்காத இந்தக் கூட்டத்தால்தான் சாவு வருகிறது என்று யாரோ கொளுத்திப் போட்டார்கள். ஒரு ஞாயிறு விடியலில் நாங்கள் கிடங்குக்குள் இருந்தோம். ஆயர் அப்பத்துக்கு ஆசி சொல்லி முடித்திருந்தார். மிக்கின் தன் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பாரிக் வழக்கம்போல் வெளியே. திடீரென்று அவன் கதவை முட்டினான்.

"பின்வாசல்! எல்லாரும் பின்வாசல் வழியாப் போங்க! மேட்டுத்தெரு முழுக்க ஆள் வாராங்க!"

விளக்குகள் உருண்டன. ஒருவர் மேல் ஒருவர் ஏறிக்கொண்டு ஓடினார்கள். நான் மேசையிலிருந்து ஒரு துண்டு அப்பத்தை எடுத்துக்கொண்டு, ஆயரின் அங்கியைப் பின்வாசலில் எட்டிப் பிடித்தேன்.

"ஐயா, பாரிக் அங்க நிக்கான். செத்துருவான். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. குடுன்னு ஒரு வார்த்தை!"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மிக்கின் பின்னாலிருந்து அவரை நெட்டித் தள்ளினான். "அப்புறம், அப்புறம்" என்றார் ஆயர். இரண்டு பேரும் சந்துக்குள் ஓடினார்கள். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், அன்று தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடினார்கள்.

நான் போகவில்லை. பக்கத்துச் சந்தில் எண்ணெய்ச் சாடிகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். அங்கிருந்து வாசல் தெரியும். பாரிக் கதவுக்கு முதுகு கொடுத்து, இரண்டு கைகளாலும் நிலைக்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றான். சேவகர்கள் ஐந்தாறு பேர். பின்னால் கம்பும் கல்லும் மீன்குத்தியும் வைத்துக்கொண்டு ஊர்.

"ஆயர் எங்கடா?" என்று கேட்டான் முன்னால் நின்ற சேவகன்.

"நான்தான் ஆயர்."

கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "ஏ, இது அன்னைக்குத் தூபம் போட்ட பயல்ல!"

"போட்டேன். போட்ட கைக்குத்தான் எங்க ஆளுக பெரிய பதவி குடுக்காங்க. நீங்களும் வந்து சேருங்களேன்" என்றான் பாரிக். சிலர் சிரித்தும் விட்டார்கள். அந்த வயிற்றெரிச்சலிலும் எனக்கே சிரிப்பு வந்தது.

சிரிப்பு அடங்குவதற்குள் முழங்காலில் கம்பு விழுந்தது. கால் மடங்கியது; கை விடவில்லை. ஒருவன் வாளால் வலதுகை விரல்கள் மேல் வெட்டினான். விரல்கள் படியில் விழுந்தன. அப்போதும் இடதுகை விடவில்லை. மீன்குத்தி வைத்திருந்தவன் நான் தினமும் கட்டிய கட்டுக்குள் அதைச் செருகி இழுத்தான். துணியும் சதையும் சேர்ந்து வந்தன. பாரிக் கத்திக்கொண்டே நின்றான். கத்தும்போதும் "நான்தான் ஆயர், என்னைப் பிடிங்க, நான்தான்" என்றே கத்தினான். கடைசியில் சேவகன் அலுத்துப்போய் அடிவயிற்றில் ஈட்டியை இறக்கினான். அப்போதுதான் கதவு திறந்தது. அவன் மேல் மிதித்துக்கொண்டு எல்லாரும் உள்ளே போனார்கள். உள்ளே ஒரு குருவி இல்லை. சாடிகளை உடைத்தார்கள், மேசையை உடைத்தார்கள், பின்சந்து வழியாகக் கத்திக்கொண்டு போனார்கள்.

நான் ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்தேன்.

"எல்லாரும் போயாச்சா அக்கா?"

"போயாச்சு. ஒருத்தர் பாக்கியில்ல."

"ஆயர்?"

"போயிட்டாருடா."

அவன் கண் என் கையில் இருந்த அப்பத்தின் மேல் போனது. வாயைத் திறக்கவில்லை. அந்த நிலையிலும் திறக்கவில்லை.

"ஆயர் சொன்னாரா?"

"சொன்னாரு" என்றேன்.

"நெசமாவா?"

"என் கையைப் பிடிச்சிக்கிட்டு அழுதாருடா. 'என் பிள்ளைக்கு நீ கொண்டுபோய்க் குடு'ன்னு சொன்னாரு. மாமாவையும் மன்னிச்சேன்னு சொன்னாரு."

பாரிக் வாயைத் திறந்தான். நாக்கில் வைத்தேன். இரத்தத்தோடு சேர்த்து விழுங்கினான். முகத்தில் அப்படி ஒரு தெளிவு; குழந்தையாக இருந்தபோது பார்த்தது. என் மணிக்கட்டை இடதுகையால் பிடித்துக்கொண்டிருந்தான். பிடி தளர்ந்த பிறகும் நான் கையை எடுக்கவில்லை.

வெயில் ஏறியபோது ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பெண்கள் கைத்துணியை எடுத்து, படியில் கிடந்த இரத்தத்தில் தோய்த்தார்கள். இரத்தசாட்சி என்றார்கள். நேற்று வரைக்கும் அவனைத் தாண்டிப் போகும்போது ஆடையை ஒதுக்கிக்கொண்டவர்கள். மிக்கின் வந்தான், ஆயர் வந்தார். ஆயர் முழங்காலிட்டுக் குனிந்தவர், பாரிக்கின் உதட்டோரம் ஒட்டியிருந்த துணுக்கைப் பார்த்துவிட்டார்.

"அப்பம் யாரு குடுத்தது?"

"என் மன்னிப்புலதான் குடுத்திருப்பா" என்றான் மிக்கின் உடனே. "நான் அன்னைக்கே மன்னிச்சிட்டேன். இவன் எங்க பக்கத்து இரத்தசாட்சி. எங்க கல்லறையிலதான் வைக்கணும்."

"வாய மூடு" என்றேன். அவன் மூடிக்கொண்டான். ஆயரைப் பார்த்தேன்.

"ஐயா, இவன் என்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டான். ஆயர் சொன்னாரான்னு கேட்டான். சொன்னாருன்னு சொன்னேன். அதை நம்பித்தான் வாயைத் தொறந்தான்."

சபை முழுவதும் அவர் வாயையே பார்த்தது. இல்லை என்றால், நான் பொய்க்காரி. என் தம்பி பாவியாகச் செத்தவன். ஆமாம் என்றால், தனக்காக விழுந்தவனைத் தானே மன்னித்துக்கொண்டார் என்று மிக்கின் அவரை நாற்காலியிலிருந்து இறக்கிவிடுவான். அவருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

"நான் சொல்லுறேன்ல, இவரு ஒண்ணும்..." என்று மிக்கின் தொடங்கினான்.

ஆயர் குனிந்து, தன் வாயைப் பாரிக்கின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சொன்னேன்" என்றார்.

எனக்கு மட்டும்தான் கேட்டது. அவர் தாடியில் என் தம்பியின் இரத்தம். நான் அவர் தோளைப் பிடித்து, ஆயர் என்றும் பாராமல், எல்லாரும் நிற்கிற பக்கமாகத் திருப்பினேன்.

"அவனுக்குக் கேட்டிருக்கும் ஐயா. இவங்களுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."